குழாய் நீரில் ஈயம்: ஒரு பரிசோதனைச் சேவை பற்றி

பழைய குழாய்களை இன்னும் மாற்றாத எங்கள் சிறு குடியிருப்புக்காக, மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் தண்ணீர்ப் பரிசோதனைச் சேவை ஒன்றைப் பயன்படுத்தினோம். தண்ணீரில் கரைந்த ஈயத்துக்கு நிறமோ மணமோ சுவையோ இல்லாததால், வேறு வழியும் இருக்கவில்லை. இரவு முழுவதும் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதல் பாட்டிலிலும், சில நிமிடங்கள் ஓடவிட்டபின் வருவதை இரண்டாவதிலும் பிடிக்க வேண்டும். முதல் நாள் யாரோ பல் துலக்கக் குழாயைத் திறந்துவிட்டதால், மறுநாள் வரை காத்திருந்தோம்.

முதல் பாட்டில், உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. இரண்டாவது அதற்குக் கீழே இருந்தது. தேங்கும் நேரத்தில்தான் குழாயிலிருந்தோ, பற்றவைத்த இணைப்புகளிலிருந்தோ, பித்தளைப் பாகங்களிலிருந்தோ ஈயம் கரைகிறது என்பதை இந்த இரண்டு எண்களே விளக்கிவிட்டன. இதற்காகவே இச்சேவையைப் பரிந்துரைப்பேன்.

ஆனால் கொதிக்க வைத்தால் ஈயம் போகாது, நீர் ஆவியாவதால் அதன் செறிவு கூடத்தான் செய்யும் என்ற அவசியமான எச்சரிக்கை அறிக்கையில் எங்குமே இல்லை; கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீடுகளுக்கு அதை நாங்களே போய்ச் சொன்னோம்.