ஸ்கைரிம்: மண்ணுக்கு நாலு, வானத்துக்கு ஒன்றரை

2011இல் வந்த ஸ்கைரிம் என்ற வீடியோ விளையாட்டுக்கு இப்போது எதற்கு விமர்சனம் என்று கேட்பீர்கள். கதை, சண்டை, டிராகன் எல்லாம் எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள், அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எனக்கு ஒரு வியாதி உண்டு: எந்தக் கற்பனை உலகத்தில் இறங்கினாலும் முதலில் ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது, நிலா எங்கே எழுகிறது என்று பார்ப்பேன். அந்தக் கண்ணோடு மறுபடி ஒரு சுற்று ஆடியதில் தோன்றியதுதான் இது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நிலத்தைச் செய்தவர்கள் நிஜ நிலத்தைப் பார்த்திருக்கிறார்கள். கற்பனை வரைபடங்களில் அடிக்கடி வரும் அபத்தம், ஒரே ஆறு கடலுக்குப் போகும் வழியில் காரணமே இல்லாமல் இரண்டாகப் பிரிந்து இரண்டு திசையில் ஓடுவது. நிஜத்தில் ஆறுகள் பெரும்பாலும் சேரும், கழிமுகத்தில்தான் பிரியும். இங்கே வைட் ஆறு இலினால்டா ஏரியில் கிளம்பி, ரிவர்வுட்டைத் தொட்டுக்கொண்டு அருவியாக இறங்கி, வைட்ரன் சமவெளியைச் சுற்றி, விண்ட்ஹெல்ம் பக்கம் யோர்கிரிம் ஆற்றையும் வாங்கிக்கொண்டு கடலில் விழுகிறது. வரைபடத்தைத் திறக்காமல் தண்ணீரைப் பிடித்துக்கொண்டே நடந்தால் கடலுக்கு வந்துவிடலாம், நான் நடந்து பார்த்திருக்கிறேன். விண்ட்ஹெல்முக்குத் தெற்கே இருக்கும் வெந்நீர் ஊற்றுகளும் அப்படித்தான், பக்கத்து நாடு எரிமலைக்குப் பேர்போன மாரோவிண்ட் என்பதால் பூமிக்கடியில் சூடு இருப்பது பொருந்துகிறது. மண்ணுக்கு ஐந்துக்கு நாலு தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்த ஒரு மார்க் ஏன் குறைகிறது என்றால், அளவு. ஸ்கைரிம் என்ற அந்த மொத்த நாடும் ஏறக்குறைய 37 சதுர கிலோமீட்டர். அதற்குள் தெற்கே பசுமையான பைன் காடு, தென்கிழக்கே வருஷம் முழுக்க மஞ்சள் இலையோடு நிற்கும் இலையுதிர்காலக் காடு, வடக்கே கடல்மட்டத்திலேயே பனிப்பாறை. விளையாட்டுக்காகச் சுருக்கியிருக்கிறார்கள், சரி, அதை ஒத்துக்கொள்வோம். விளையாட்டின் கடிகாரம் நம்முடையதைவிட 20 மடங்கு வேகமாக ஓடுவதால் தூரத்தையும் 20 மடங்காக எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தாலும், தெற்கு எல்லையிலிருந்து வடக்குக் கடல்வரை சுமார் 100 கிலோமீட்டர்தான் வருகிறது. பூமியில் ஒரு டிகிரி அட்சரேகையே 111 கிலோமீட்டர். ஒரு டிகிரி வடக்கே போனதும் காடு முடிந்து பனிப்பாறை தொடங்கிவிடுமா? மலை உயரத்தால் குளிர்கிறது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மஞ்சள் காடுதான் மேட்டுநிலத்தில் இருக்கிறது, உறைந்துகிடப்பது கடலோரம். இதெல்லாம் சில்லறைக் குறை, விடுங்கள்.

வானத்துக்கு வருவோம். இரவில் தலைக்கு மேலே பச்சையாக நெளியும் துருவ ஒளியை முதல் தடவை பார்த்தபோது நானும் வாயைப் பிளந்து நின்றவன்தான். ஆனால் துருவ ஒளி அடிக்கடி தெரிகிற ஊர் என்றால் நம் பூமிக் கணக்கில் 65 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். அங்கே ஜூனில் பகல் 22 மணி நேரம், டிசம்பரில் மூன்றரை மணி நேரம். ஸ்கைரிமிலும் நம்மைப் போலவே 12 மாதம் உண்டு, கதை தொடங்குவது அவர்களுடைய ஆகஸ்ட் 17. நான் வீம்புக்கு ‘காத்திரு’ பொத்தானை ஒரு தடவைக்கு விளையாட்டில் 24 மணி நேரம் தாண்டும்படி 120 தடவைக்கு மேல் அமுக்கி டிசம்பர்வரை போனேன் (வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை, கேட்காதீர்கள்). சூரியன் ஆகஸ்டில் எழுந்த அதே நேரத்தில்தான் எழுந்தது, அதே நேரத்தில் மறைந்தது. வைட்ரன் வயலில் கோதுமை அப்படியே நிற்கிறது, ஒரு காட்டில்கூடப் பருவம் மாறவில்லை. மாதங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் அவற்றுக்கு ஒரு வேலையும் கொடுக்கவில்லை.

நிலா விஷயம் இதைவிட மோசம். மாசர், செகுண்டா என்று இரண்டு நிலா. ஒவ்வொரு பிறையும் மூன்று நாள் நின்று, 24 நாளில் ஒரு சுற்று முடிகிறது, இரண்டுக்கும் ஒரே கணக்கு. எந்தப் பிறையாக இருந்தாலும் இருட்டியதும் வானத்தில் ஏறுகிறது. மூன்றாம் பிறையை மேற்கே அந்தியில் தேடி, அது சட்டென்று இறங்குவதற்குள் கும்பிட்டுவிடும் வழக்கமுள்ள நமக்கு இது உடனே உறுத்தும். மெல்லிய பிறை என்றாலே அது வானத்தில் சூரியனுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம், அது நடுராத்திரி உச்சியில் நிற்க வழியே இல்லை. பௌர்ணமி நிலா மட்டும்தான் இரவெல்லாம் இருக்கும். இங்கே நிலா ஒன்றும் சுற்றவில்லை, மூன்று நாளைக்கு ஒரு முறை படத்தை மாற்றி ஒட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

மைன்கிராஃப்ட் என்ற விளையாட்டிலும் இதே கூத்துதான், அங்கே சூரியனும் நிலாவும் எப்போதும் நேரெதிரே இருக்கின்றன, அப்படியானால் தினமும் பௌர்ணமியாக இருக்க வேண்டும், ஆனாலும் எட்டுப் பிறை மாறி மாறி வரும். ஆனால் அங்கே சூரியனே சதுரம், யாரும் கோபித்துக்கொள்ள முடியாது.

இதற்கு ரசிகர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: அந்த உலகத்தில் நிலாக்கள் செத்துப்போன ஒரு தெய்வத்தின் உடல், நட்சத்திரங்கள் வானத்தில் விழுந்த ஓட்டைகள், அங்கே போய் இயற்பியல் பேசாதே. சரி, பேசவில்லை. அவர்கள் கதைப்படியே பார்ப்போம். அதே உலகத்தில் கஜீட் என்ற பூனை இனம் இருக்கிறது, ஒரு குட்டி பிறக்கும்போது இரண்டு நிலாவும் எந்தெந்தப் பிறையில் இருந்தனவோ அதைப் பொறுத்துதான் அது வீட்டுப்பூனை அளவா, மனிதன் மாதிரியா, ஏறிப்போகிற அளவுக்குப் பெரிய புலி மாதிரியா என்பது முடிவாகும். அருமையான கற்பனை. ஆனால் ஸ்கைரிம் வானத்தில் இரண்டு நிலாவும் எப்போதும் ஒரே பிறையில்! ஒன்று பௌர்ணமியாகவும் மற்றது அமாவாசையாகவும் இருக்கும் நாளே வராது என்றால், அந்த இனத்தில் பாதிக்கு மேற்பட்ட வகைகள் பிறக்கவே முடியாது. இதில் நான் பூமியின் விதி எதையும் கொண்டுவரவில்லை, அவர்கள் எழுதிய ஜாதகத்தை அவர்கள் வரைந்த வானமே பொய்யாக்குகிறது.

இன்னொன்று, ஓதம், அதாவது கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குவது. நிலா கடலில் ஓதத்தை எழுப்பும் விசை, அதன் அடர்த்தி ஒன்றேயானால், வானத்தில் தெரியும் அகலத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். நம் நிலாவைவிடப் பத்து மடங்கு அகலமாகத் தெரிந்தால் ஓதம் ஆயிரம் மடங்கு. மாசர் நம் நிலாவைவிட எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று ஒரு ராத்திரி நீங்களே பாருங்கள். சாலிட்யூட் துறைமுகம் நாளுக்கு இரண்டு முறை முங்கி எழ வேண்டும், ஆனால் அங்கே கட்டியிருக்கும் கப்பல் ஒரு சாண்கூட ஏறி இறங்குவதில்லை.

வாங்கலாமா என்றால், வாங்கலாம், தள்ளுபடி அடிக்கடி வருகிறது. கணினியில் ஆடுபவர்கள் நிலாக்களைத் தனித்தனியாக ஓடவிடும் மோட் (ரசிகர்கள் விளையாட்டில் செய்து தரும் மாற்றம்) ஒன்றைப் போட்டுக்கொண்டால் பாதி எரிச்சல் குறையும். போட்ட பிறகு விண்டர்ஹோல்டுக்குப் போங்கள். கதைப்படி அந்த ஊரில் பெரும்பகுதி கடலில் சரிந்து 80 வருஷம் ஆகிறது. செங்குத்தான பாறை விளிம்பில் நின்று கீழே பார்த்தால், ஓர் ஊரையே விழுங்கிய அந்தக் கடல் வாளித் தண்ணீர் மாதிரி அதே மட்டத்தில் கிடக்கும். நிலாவுக்குத்தான் மோட் இருக்கிறது, கடலுக்கு இதுவரை என் கண்ணில் ஒன்றும் படவில்லை.