ஜெர்மனி புளூ கார்டுக்கு ஆலோசனை நிறுவனம் தேவையா? பயன்படுத்திய பிறகு ஒரு மதிப்புரை

ஜெர்மனியில் இயந்திர வடிவமைப்புப் பொறியாளராக வேலை உறுதியானதும், என்னைப் பணிக்கு எடுத்த நிறுவனம் விசா தொடர்பான வேலைகளை ஒரு குடிவரவு ஆலோசனை நிறுவனத்தின் வழியாகச் செய்துகொள்ளலாம் என்று சொன்னது. கட்டணத்தில் ஒரு பகுதியை அவர்கள் ஏற்றுக்கொள்ள, மீதியை நான் செலுத்தினேன். அந்தச் சேவை மூன்று கட்டங்களாக விற்கப்படுகிறது: ஆவணங்களை முன்கூட்டியே ஆராய்ந்து சரிபார்ப்பது, விண்ணப்பத்தை நிரப்பித் தாக்கல் செய்வது, ஜெர்மனிக்கு வந்து சேர்ந்த பிறகு முகவரிப் பதிவு முதலிய வேலைகளில் துணை நிற்பது. முதல் கட்டத்துக்குக் கொடுத்த பணம் முழுவதும் தகும் என்பதும், மற்ற இரண்டுக்கும் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்பதும் என் மதிப்பீடு. இதே மூன்று கட்டங்களை ஏறத்தாழ இதே வடிவில் பல நிறுவனங்கள் விற்பதால், பெயரைக் குறிப்பிடாமல் சேவையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதல் கட்டம் ஏன் தகும் என்பதை ஊதியக் கணக்கிலிருந்து தொடங்கினால்தான் புரியவைக்க முடியும். பட்டம் பெற்ற வெளிநாட்டு வல்லுநர்களுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் புளூ கார்டைப் பெற ஜெர்மனியில் இரண்டு ஊதிய வரம்புகள் உள்ளன. 2025ஆம் ஆண்டில் பொது வரம்பு ஆண்டுக்கு 48,300 யூரோ. பொறியாளர், மருத்துவர், தகவல் தொழில்நுட்ப வல்லுநர் போன்ற ஆள் பற்றாக்குறைத் தொழில்களுக்கும், அண்மையில் பட்டம் முடித்தவர்களுக்கும் அந்த ஆண்டில் 43,759.80 யூரோ போதுமானதாக இருந்தது. பொது வரம்பைத் தாண்டுபவருக்குக் கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் பொதுவாகத் தேவைப்படுவதில்லை. குறைந்த வரம்பின் வழியாக வருபவருக்கு அந்த ஒப்புதல் வேண்டும். என் பணி ஒப்பந்தத்தில் மொத்த ஊதியம் 49,000 யூரோ என்று இருந்தது. பொது வரம்பைத் தாண்டிவிட்டது, இனிக் கவலையில்லை என்றுதான் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவும் கருதியது.

எனக்கென ஒதுக்கப்பட்ட ஆலோசகர் ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துவிட்டு, அந்த 49,000 யூரோவில் 3,000 யூரோ செயல்திறனைப் பொறுத்துத் தரப்படும் ஊக்கத்தொகை என்பதைச் சுட்டிக்காட்டினார். ஒப்பந்தத்தில் உறுதியளிக்கப்பட்ட தொகை மட்டுமே வரம்புக் கணக்கில் சேரும். கிடைக்கலாம் என்ற நிலையில் உள்ள தொகை சேராது. ஆகவே என் ஊதியம் 46,000 யூரோ மட்டுமே. பொது வரம்பின் வழியாக நான் விண்ணப்பிக்கவே முடியாது. இதைக் கவனிக்காமல் விண்ணப்பித்திருந்தால், வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலுக்கான எந்த முன்னேற்பாடும் இல்லாத கோப்பு ஒன்று அதிகாரியின் மேசைக்குப் போயிருக்கும்.

அவர் அத்துடன் நிற்கவில்லை. இந்த வரம்புகள் அரசு விரும்பியபடி அறிவிக்கும் எண்கள் அல்ல. ஜெர்மனியின் பொது ஓய்வூதியக் காப்பீட்டில் பங்களிப்புக் கணக்கிடப்படும் ஊதிய உச்சவரம்பின் குறிப்பிட்ட விழுக்காடுகள். பொது வரம்பு அதில் 50 விழுக்காடு, குறைந்த வரம்பு 45.3 விழுக்காடு. அந்த உச்சவரம்பு ஒவ்வொரு ஜனவரியிலும் மாறுகிறது. 2025இல் அது ஆண்டுக்கு 96,600 யூரோவாக இருந்தது. 2026இல் 1,01,400 யூரோ. எனவே 2026இல் பொது வரம்பு 50,700 யூரோவாகவும் குறைந்த வரம்பு 45,934.20 யூரோவாகவும் உயர்கின்றன. இலையுதிர் காலத்தில் கையெழுத்தான என் ஒப்பந்தத்தின் 46,000 யூரோ, புத்தாண்டு பிறந்ததும் வரம்பைவிட வெறும் 65.80 யூரோ மட்டுமே அதிகமாக நிற்கும் என்று அவர் கணக்குப் போட்டுக் காட்டினார். விளிம்பில் நிற்கும் ஒப்பந்தத்தோடு ஆண்டு மாறும் காலத்தில் விண்ணப்பிக்க வேண்டாம் என்பது அவருடைய அறிவுரை. நிறுவனத்திடம் பேசி, ஊக்கத்தொகையில் பாதியை உறுதியான ஊதியத்தோடு சேர்க்கச் செய்தார். மொத்தத் தொகை மாறாததால் நிறுவனத்துக்கும் அதில் மறுப்பில்லை. 47,500 யூரோ என்று திருத்தப்பட்ட ஒப்பந்தம் வந்த பிறகே அடுத்த படிக்குப் போனோம்.

இதே கண்ணோடுதான் பதவிப் பெயரையும் பார்த்தார். எந்தத் தொழில்கள் பற்றாக்குறைத் தொழில்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் பதவிப் பெயரைக் கொண்டு முடிவாவதில்லை. பன்னாட்டுத் தொழில் வகைப்பாட்டின் எந்தத் தொகுதியில் அந்த வேலை அடங்குகிறது என்பதே கேள்வி. பொறியியல் வேலைகள் அதில் 21ஆம் தொகுதிக்குள் வருகின்றன. என் ஒப்பந்தத்திலோ நிறுவனத்தின் உள்வழக்கப்படி 'திட்ட ஒருங்கிணைப்பாளர்' என்று இருந்தது. அதைப் படிக்கும் எவருக்கும் நான் வரைபடங்களையும் விசைக் கணக்குகளையும் செய்யப்போகும் பொறியாளர் என்று தோன்றாது. வேலை வழங்குபவர் நிரப்பித் தர வேண்டிய பணி உறவு அறிக்கைப் படிவத்தில் வேலையின் உள்ளடக்கத்தை விரிவாக எழுதச் சொல்லி, ஒப்பந்தத்திலும் பதவிப் பெயரைத் திருத்தச் சொல்லி, இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா என்று அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். வேலைவாய்ப்பு முகமையின் முன் ஒப்புதலை வேலை வழங்குபவரே கட்டணமின்றிக் கேட்டுப் பெறலாம் என்பதையும் அவரே நிறுவனத்துக்குத் தெரிவித்தார்.

பட்டத்தைச் சரிபார்ப்பது விண்ணப்பதாரர் தாமே செய்துகொள்ளக்கூடிய வேலைதான் என்றாலும், எங்கே தடுக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஜெர்மனி நடத்தும் அனாபின் என்னும் தரவுத்தளத்தில் இரண்டு தேடல்கள் உண்டு: பட்டம் தந்த நிறுவனத்துக்கு ஒன்று, பட்டத்துக்கு ஒன்று. நிறுவனம் 'எச் பிளஸ்' என்ற, அதாவது அங்கீகரிக்கப்பட்ட, தகுதியில் இருப்பது மட்டும் போதாது. அந்தப் பட்டமும் ஜெர்மானியப் பட்டத்துக்கு நிகரானது என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இணைவுபெற்ற கல்லூரிகளில் படித்த பலர் கல்லூரியின் பெயரைத் தேடிக் காணாமல் சோர்ந்துபோகிறார்கள். சான்றிதழை வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைத்தான் முதலில் தேட வேண்டும். பட்டம் பட்டியலில் இல்லாவிட்டால் வெளிநாட்டுக் கல்விக்கான மைய அலுவலகத்திடம் 208 யூரோ செலுத்தி ஒப்பீட்டுச் சான்று பெறலாம். என் பட்டம் பட்டியலில் இருந்ததால் இரு பக்கங்களையும் அச்சிட்டு இணைத்ததோடு அந்த வேலை முடிந்தது.

முன்சரிபார்ப்பின் மதிப்பு அண்மையில் கூடியிருக்கிறது என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் அதே தூதரகத்துக்கு விளக்கக் கடிதம் எழுதி, விடுபட்ட ஆவணங்களை இணைத்து, முடிவை மறுபரிசீலனை செய்யும்படி கேட்க முடிந்தது. அந்த நடைமுறையை 2025 ஜூலை 1 முதல் ஜெர்மனி உலகம் முழுவதும் நிறுத்திவிட்டது. இப்போது மறுப்புக் கடிதம் வந்தால் புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது நீதிமன்றத்துக்குப் போகலாம். வேலையில் சேரும் தேதி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கும் ஒருவருக்கு இரண்டுமே காலத்தைத் தின்னும் வழிகள். முதல் விண்ணப்பமே பிழையின்றிப் போக வேண்டும் என்ற கட்டாயம் இருக்கும்போது, ஒப்பந்தத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவரின் ஒரு மணி நேரத்துக்குப் பணம் கொடுப்பதில் எனக்குத் தயக்கமில்லை.

இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். 2025 ஜனவரி 1 முதல் ஜெர்மானிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையவழித் தூதரகச் சேவைத் தளம் உலகெங்கும் உள்ள 167 விசாப் பிரிவுகளிலும் திறக்கப்பட்டுவிட்டது. வேலை, கல்வி, குடும்ப இணைவு ஆகியவற்றுக்கான நீண்டகால விசா விண்ணப்பங்களை அதிலேயே நிரப்பலாம். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. முந்தைய விடைக்கு ஏற்ப அடுத்த கேள்வி மாறுகிறது. எந்த ஆவணம் எங்கே ஏற்றப்பட வேண்டும் என்பதையும் அதுவே சொல்கிறது. கடவுச்சீட்டைப் பார்த்து எழுதத் தெரிந்த எவரும் இதைச் செய்துவிடலாம். இதற்கு ஆலோசனை நிறுவனம் வாங்கிய தொகை, விசாவுக்கான அரசுக் கட்டணமான 75 யூரோவைப்போலப் பல மடங்கு.

அதையும் அவர்கள் கவனமாகச் செய்யவில்லை. ஆலோசகர் வேறு, படிவம் நிரப்புபவர் வேறு. நம்மில் பலருக்குப் பட்டச் சான்றிதழில் தலைப்பெழுத்தோடு ஒரு பெயரும், கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரிந்து குடும்பப் பெயர்க் கட்டத்தில் அமர்ந்த இன்னொரு பெயரும் இருக்கும். படிவம் நிரப்பியவர் சான்றிதழைப் பார்த்துத் தலைப்பெழுத்தையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார். தாக்கல் செய்வதற்கு முன் வரைவைப் பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்தியதால் அது கண்ணில் பட்டது. கடவுச்சீட்டில் உள்ள பெயரே விண்ணப்பம், ஒப்பந்தம், காப்பீடு ஆகிய அனைத்திலும் எழுத்து மாறாமல் இருக்க வேண்டும். சான்றிதழில் பெயர் வேறு வடிவில் இருந்தால் அதைச் சில வரிகளில் விளக்கும் கடிதம் ஒன்றை இணைப்பது நல்லது. இத்தகைய பெயர்களோடு நாள்தோறும் பழகும் ஒரு நிறுவனம் இதைத் தானாகவே சொல்லியிருக்க வேண்டும்.

விரைவு நடைமுறை என்ற ஒன்றையும் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பரிந்துரைக்கிறார்கள். வேலை வழங்குபவர் ஜெர்மனியில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ செலுத்தித் தொடங்கும் இந்த நடைமுறையில், தூதரகம் மூன்று வாரங்களுக்குள் நேர்காணலுக்கு நேரம் ஒதுக்க வேண்டும். முழுமையான விண்ணப்பம் கிடைத்த மூன்று வாரங்களுக்குள் பொதுவாக முடிவெடுக்க வேண்டும். செவிலியர்களைப்போலத் தொழில் தகுதியின் அங்கீகாரமும் சேர்ந்து தேவைப்படுபவர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். பட்டம் அனாபினில் தெளிவாக இருக்க, முன் ஒப்புதலும் கையில் இருக்கும் என்னைப் போன்றவருக்கு அது அவசியமில்லை. என் ஆலோசகர் அதை ஒப்புக்கொண்டார். விற்பனைப் பிரிவு மட்டும் தொடர்ந்து மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது கட்டத்தில்தான் உண்மையான இன்னல் வந்தது. ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரங்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அதற்கு வீட்டு உரிமையாளர் கையொப்பமிட்ட குடியிருப்பு உறுதிச் சான்று வேண்டும். ஆலோசனை நிறுவனம் ஏற்பாடு செய்த தற்காலிக அறையின் உரிமையாளரோ, அந்தச் சான்றைத் தருவதில்லை என்பதை நான் பெட்டியோடு வந்து நின்ற பிறகே சொன்னார். பதிவு இல்லையென்றால் வரி அடையாள எண் அஞ்சலில் வராது. அந்த எண் நிறுவனத்துக்குக் கிடைக்காவிட்டால் ஊதியத்தில் மிக அதிகப் பிடித்தம் உள்ள ஆறாம் வரி வகுப்பின்படி வரி கழிக்கப்படலாம். பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்றாலும் புதிய நாட்டில் முதல் மாதச் சம்பளம் குறைந்து வருவது சிறிய விஷயமல்ல. நான் புகார் சொன்னபோது கிடைத்தது அரசு இணையதளங்களின் இணைப்புகள் அடங்கிய ஒரு கோப்பு மட்டுமே. சான்று தர ஒப்புக்கொண்ட வேறோர் அறையை என் அலுவலகத்தில் உடன் பணியாற்றும் ஒருவர் தேடித் தந்தார். அஞ்சல் பெட்டியில் என் பெயரை முதல் நாளே ஒட்டச் சொன்னவரும் அவரே. பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

இத்தகைய சேவையை எண்ணிப் பார்ப்பவர்கள் பணம் கட்டும் முன் சிலவற்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தைப் படிக்கப்போவது யார், அவர் வழக்கறிஞரா என்பது முதல் கேள்வி. தனிநபரின் நிலைமையை ஆராய்ந்து சட்ட ஆலோசனை சொல்வதை ஜெர்மனியின் சட்டம் அதற்குரிய தகுதி உள்ளவர்களுக்கே அனுமதிக்கிறது. முதல் கட்டத்தை மட்டும் தனியாகத் தருவார்களா என்றும் கேட்க வேண்டும். நான் கேட்டிருந்தால் தந்திருப்பார்கள் என்பது பின்னர் ஆலோசகரின் பேச்சிலிருந்தே தெரிந்தது. விசா நிச்சயம் என்று உறுதிமொழி தருபவர்களிடமும், நேர்காணல் நேரத்தை விலைக்கு வாங்கித் தருவதாகச் சொல்பவர்களிடமும் பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முடிவெடுப்பது தூதரகம் மட்டுமே. அடிப்படைத் தகவல்களுக்கு ஜெர்மானியக் கூட்டாட்சி அரசு நடத்தும் 'மேக் இட் இன் ஜெர்மனி' தளமே போதும். அது இலவசம், தெளிவும் உண்டு.

புளூ கார்டு வைத்திருப்பவரின் வாழ்க்கைத் துணை விசாவுக்கு ஜெர்மன் மொழித் தேர்வுச் சான்று காட்ட வேண்டியதில்லை. வந்ததும் வேலை செய்யவும் அனுமதி உண்டு. அந்த விண்ணப்பத்துக்கும் ஒரு தொகுப்பை விற்க அதே நிறுவனம் முன்வந்தது. அதில் சரிபார்க்க ஒப்பந்தமோ ஊதியக் கணக்கோ எதுவும் இல்லாததால், தூதரகச் சேவைத் தளத்தில் நாங்களே நிரப்பிக்கொண்டிருக்கிறோம்.