நீலகிரியில் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியர், பிசியோதெரபி சேவை எப்படி இருக்கிறது?

உங்கள் வீட்டில் நடக்கவோ பேசவோ கேட்கவோ படிக்கவோ சிரமப்படுகிற பிள்ளை இருந்தால், கோயம்புத்தூரில் தனியார் தெரபி சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் வட்டார வள மையத்துக்கு, அதாவது எல்லாரும் பி.ஆர்.சி. என்று சொல்கிற இடத்துக்கு, ஒருமுறை போய்விட்டு வாருங்கள். காசு கிடையாது. என் மகளுக்கு மூளை முடக்குவாதம். அவள் அங்கன்வாடி போகிற வயதிலிருந்து இந்தச் சேவையில்தான் இருக்கிறோம். அங்கே வேலை பார்க்கிறவர்களைப் பற்றி மனசார நல்லதாகவும், அவர்களை அரசு வைத்திருக்கிற விதத்தைப் பற்றிக் கோபமாகவும் எழுத வேண்டியிருக்கிறது. எந்த வட்டாரம் என்று மட்டும் சொல்லவில்லை. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் என்று மாவட்டத்தில் இருப்பதே நான்கு, அதில் ஒன்று. ஒப்பந்தத்தில் இருக்கிறவர்களுக்கு நான் எழுதுவதால் தொந்தரவு வரக்கூடாது.

பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது, அதனால் கொஞ்சம் விளக்கம். இந்த மையம் நடப்பது அரசின் பள்ளிக் கல்வித் திட்டம் ஒன்றில். பழைய ஆட்கள் அதை இன்னும் எஸ்.எஸ்.ஏ., அதாவது அனைவருக்கும் கல்வி இயக்கம், என்றுதான் சொல்வார்கள், 2018-ல் அதையும் உயர்நிலைப் பள்ளிகளுக்கான திட்டத்தையும் ஆசிரியர் கல்வியையும் சேர்த்து சமக்ர சிக்ஷா ஆக்கினார்கள். அதற்குள் உள்ளடக்கிய கல்வி என்று ஒரு பிரிவு. அதன் கீழ்தான் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்கள், பிசியோதெரபிஸ்ட், மையத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா எல்லாரும் வருகிறார்கள். ஒரு சிறப்பாசிரியர் ஒரே பள்ளியில் உட்கார்ந்து பாடம் எடுப்பவர் இல்லை. ஒரு கொத்துப் பள்ளிகள் அவர் பொறுப்பில் இருக்கும், ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பார், பள்ளிக்கே வர முடியாத பிள்ளையாக இருந்தால் வீட்டுக்கு வருவார். வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் காட்டும் சலுகை இல்லை, கல்வி உரிமைச் சட்டத்தில் 2012-ல் செய்த திருத்தத்திலேயே கடும் பாதிப்புள்ள பிள்ளைகளுக்கு அந்த உரிமை இருக்கிறது. யாராவது ‘ஏதோ நல்ல மனசில் வருகிறோம்’ என்கிற மாதிரி பேசினால் இதைச் சொல்லுங்கள்.

முதலில் பிசியோ. எங்கள் பிசியோ மேடம் மகளைப் பார்த்த அன்றைக்குப் படுக்கவைத்து உடனே காலைப் பிடித்து மடக்கவில்லை. பாதத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ‘இவ்ளோ சில்லுனு இருக்கே, முதல்ல சூடு பண்ணுவோம்’ என்று வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றிக் கெண்டைக்காலுக்குக் கீழே வைத்தார். தசை இறுகுகிற வகைப் பிள்ளைகளுக்குக் குளிர் பட்டால் இறுக்கம் இன்னும் கூடும். இங்கே டிசம்பர், ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் காலையில் மகளின் இரண்டு காலும் கத்தரி மாதிரி பின்னிக்கொள்ளும், அந்த நேரத்தில் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம். கீழே சமவெளியில் நாங்கள் முன்னால் பார்த்த ஒரு இடத்தில் நாங்கள் எந்த ஊரிலிருந்து வருகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை. இவர் மலையிலேயே வேலை பார்ப்பதால் கேட்காமலே தெரிந்து வைத்திருக்கிறார். ‘பையை உங்க முன்கையில வச்சுப் பாத்துட்டு வைங்கக்கா, சூடு அதிகமா இருந்தா பாப்பாவுக்குச் சொல்லத் தெரியாது’ என்றார். அப்புறம் முழங்காலை நேராக வைத்து, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, பாதத்தைத் தன் முன்கையில் சாய்த்து, மெதுவாக மேலே தள்ளி அரை நிமிடம் அப்படியே நிறுத்தினார். ‘கையால இழுக்காதீங்க, உடம்பைச் சாய்ங்க.’ எனக்குச் செய்யத் தெரிகிறதா என்று என்னையே செய்யச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். மையத்தில் அவர் செய்வது கொஞ்ச நேரம், வீட்டில் தினமும் நாம் செய்வதில்தான் பலன் இருக்கிறது என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்கிற தெரபிஸ்ட் கிடைப்பது பெரிய விஷயம்.

பள்ளியில் சிறப்பாசிரியர் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதற்குப் பணமே செலவாகவில்லை. மகள் பெஞ்சில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது, தொங்கும். எழுதும்போது உடம்பு முழுக்க ஒரு பக்கம் சரியும், எழுத்து கோட்டில் நிற்காது. வகுப்பாசிரியர் கையைப் பிடித்துப் பிடித்து எழுத வைத்துக்கொண்டிருந்தார், பாவம், மூன்று வகுப்பை ஒரே அறையில் வைத்துப் பார்க்கிறவர் அதற்கு மேல் என்ன செய்வார். சிறப்பாசிரியர் வந்து கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு செங்கல்லைச் சாக்கில் சுற்றிக் காலுக்குக் கீழே வைத்தார், பரீட்சை அட்டைக்கு அடியில் ஒரு கட்டையைக் கொடுத்துச் சாய்வாக்கினார், பென்சிலில் சைக்கிள் டியூப் ரப்பரைச் சுற்றிப் பருமனாக்கினார். ‘கால் ஊன்றாம கை எழுதாது சார்’ என்று வகுப்பாசிரியரிடம் சொன்னார். அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது. முத்து முத்தாக எழுதுகிறாள் என்று சொல்ல வரவில்லை, எழுத்து கோட்டில் நிற்கிறது. வகுப்பாசிரியர் அதைப் பார்த்துவிட்டு மற்றச் சின்னப் பிள்ளைகளுக்கும் காலுக்குப் பலகை போட்டார்.

சமையல் அக்காவையும் விட்டுவிடக்கூடாது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது, மகளிர் குழுவிலிருந்து வருகிறவர்கள் சமைக்கிறார்கள். மகளுக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு, அவசரமாகக் கொடுத்தால் புரையேறும். சிறப்பாசிரியர் இந்த அக்காவைக் கூப்பிட்டு, நிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும், தலை பின்னால் சாயக்கூடாது, சின்ன ஸ்பூன், முதல் வாய் இறங்கிய பிறகுதான் அடுத்தது என்று காட்டிக்கொடுத்தார். உப்புமாவைக் கொஞ்சம் தளர்வாக எடுத்து வைப்பதும், பொங்கலில் மிளகைப் பொறுக்கிவிடுவதும் அந்த அக்காவே செய்ய ஆரம்பித்தது. இந்த வேலைக்கென்று அவருக்கு யாரும் தனியாகச் சம்பளம் கொடுக்கவில்லை. அரசுப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது ஆசிரியரையும் தலைமை ஆசிரியரையும் மட்டுமே பேசுகிறோம், பிள்ளை பள்ளியில் நிலைப்பது பாதி இவர்களால்தான்.

நம் மாவட்டத்தில் சொல்லியாக வேண்டிய இன்னொன்று அரிவாள் செல் ரத்தசோகை, பரம்பரையாக வருகிற ரத்த நோய். பழங்குடிக் குடியிருப்புகளில் இருக்கிறவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் இதுவும் ஒன்று. ஆனால் பிள்ளை பார்க்க நன்றாகவே இருப்பதால் பள்ளியில் யாருக்கும் உறைப்பதில்லை. இதற்கும் குளிர்தான் எதிரி. குளிரில் நின்றால், தண்ணீர் குடிக்காமல் இருந்தால், அளவுக்கு மேல் ஓடினால் கை கால் மூட்டுகளில் தாங்க முடியாத வலி வரும். எங்கள் பள்ளியில் ஒரு பையன் காலை வழிபாட்டில் உட்கார்ந்துவிடுவான், நடிக்கிறான் என்று நினைத்தார்கள். சிறப்பாசிரியர்தான் மருத்துவக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, அவனை வெளியே நிற்க வைக்காதீர்கள், ஸ்வெட்டரைக் கழற்றச் சொல்லாதீர்கள், பையில் தண்ணீர் பாட்டில் எப்போதும் இருக்கட்டும், கேட்டபோதெல்லாம் பாத்ரூமுக்கு விடுங்கள், வலி என்றால் நம்புங்கள் என்று எல்லா ஆசிரியர்களையும் உட்காரவைத்துச் சொன்னார். இதைச் சொல்ல ஒரு ஆள் பள்ளிக்கு வந்தாக வேண்டும் இல்லையா?

இனி குறைகள்.

முகாமில் அளவெடுக்கிற உபகரணம் வந்து சேர எடுக்கும் நேரம். வருடத்துக்கு ஒருமுறை மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்கும், எலும்பு, காது மூக்கு தொண்டை, கண், மனநலம் என்று டாக்டர்கள் ஒரே இடத்தில் வருவார்கள், சான்றிதழ், யூ.டி.ஐ.டி. கார்டு என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பஸ் பாஸ் எல்லாவற்றுக்கும் அங்கேயே விண்ணப்பம் வாங்குவார்கள். அதெல்லாம் அருமையான ஏற்பாடு. ஆனால் மகளுக்கு அளவெடுத்த நாற்காலி வந்தபோது அவள் வளர்ந்துவிட்டிருந்தாள், தட்டு நெஞ்சில் இடித்தது. வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கச் சொல்வது எந்த விதத்திலும் சரியில்லை. நீட்டிக் குறைக்கக்கூடிய மாதிரியாகக் கேட்டு வாங்குங்கள், அது இருக்கிறது, நாம் கேட்டால்தான் தருகிறார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஆள் இல்லாமல் போவது. எங்களுக்கு வந்துகொண்டிருந்த சிறப்பாசிரியர் நிரந்தர வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனார். போகட்டும், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. அவர் இடத்துக்கு அடுத்தவர் வர ஒரு மழைக்காலமே ஓடிவிட்டது. அந்த இடைவெளியில் மகளின் குதிகால் மறுபடி தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. இந்த வேலையில் ஆள் மாறினால் புதிதாக வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பிள்ளையும் அவரிடம் பழக வேண்டும்.

ஏன் போகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்த, தனியாகப் படித்துவந்தவர்கள் இவர்கள், ஆனால் ஒப்பந்தத்தில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். பணம் திட்டத்திலிருந்து வருகிறது, திட்டத்துக்குப் பணம் நின்றால் இவர்கள் சம்பளமும் நிற்கும். 2024-ல் அதுதான் நடந்தது. பி.எம். ஸ்ரீ என்கிற மத்திய அரசின் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று மத்திய அரசு சமக்ர சிக்ஷா நிதியை, 2,000 கோடிக்கு மேல், நிறுத்திவைத்தது, 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடுவில் எந்தக் கொள்கைச் சண்டை வேண்டுமானாலும் நடக்கட்டும், அதற்கு என் மகளின் பிசியோ மேடம் சம்பளம் இல்லாமல் பஸ் ஏற வேண்டுமா?

பஸ் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சமவெளியில் பத்துக் கிலோமீட்டர் என்றால் டூவீலரில் போய்விடலாம். இங்கே அதே தூரத்துக்கு ஒரு பஸ் பிடித்து, இறங்கி, தேயிலைத் தோட்டத்துக்குள் தொழிலாளர்களின் லயன் வீடு வரை நடந்து, காட்டுமாடு நின்றால் அது போகும்வரை காத்திருந்து, திரும்பி வரும் பஸ்ஸைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆடி மழையில் கூடலூர், பந்தலூர் பக்கம் மரம் விழுந்து ரோடு அடைத்தால் அன்றைக்கு எல்லாம் போச்சு. இப்படி ஒரு வீட்டுக்குப் போய்வர ஒரு நாளே போகிற இடத்தில், எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளை என்று சமவெளிக் கணக்கையே இங்கேயும் போட்டால் எப்படி? 2021-ல் உச்ச நீதிமன்றம் தொடக்கப் பள்ளியில் 10 சிறப்புப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சொன்னது. 2025 மார்ச்சில் மறுபடியும் எல்லா மாநிலங்களையும் பணியிடங்களை உருவாக்கச் சொன்னது. அந்தக் கணக்கு எங்கள் பக்கம் இன்னும் வந்து சேரவில்லை. மலை வட்டாரங்களுக்குப் பணியிடமும் அதிகம் வேண்டும், பயணப்படியும் உண்மையான செலவுக்கு ஏற்ப வேண்டும், நிரந்தரமாக்கவும் வேண்டும். இதை எந்தக் கூட்டத்தில் கேட்டாலும் நான் சொல்வேன்.

சிறப்பாசிரியர் மட்டும் என்றில்லை. 2012-ல் 5,000 ரூபாய்க்கு எடுத்த பகுதிநேர ஆசிரியர்கள், ஓவியம், தையல், உடற்கல்வி சொல்லித்தருகிறவர்கள், 2024-ல்தான் 12,500-க்கு வந்தார்கள். பக்கத்து நடுநிலைப் பள்ளியின் ஓவிய ஆசிரியரிடம் மகள் அடுத்த வருடம் போகப்போகிறாள், அவராவது அங்கே இருக்க வேண்டும் என்று இப்போதே நினைத்துக்கொள்கிறேன்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், ஆட்களுக்கு ஐந்து, ஏற்பாட்டுக்கு இரண்டு.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பிறந்தது முதல் 18 வயது வரை பார்ப்பார்கள், பள்ளியில் சேர்க்கிற வயது வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், தசை சீக்கிரம் பழகுவது சின்ன வயதில்தான். கடும் பாதிப்பு இருந்தால் பராமரிப்பு உதவித்தொகை 2023 ஜனவரியிலிருந்து மாதம் 2,000 ரூபாய், அதற்கு ஊட்டியில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனியாக எழுதிக்கொடுக்க வேண்டும், மையத்தில் கேட்டால் நிரப்பித் தருவார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பில் பிள்ளை இருந்தால் சொல்வதை எழுதுபவர், கூடுதல் ஒரு மணி நேரம், மொழிப்பாட விலக்கு இதற்கெல்லாம் தேர்வு நெருங்கும்போது ஓடாமல் வருடத் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரிடம் கேட்டுவிடுங்கள். முதல் தடவை போகும்போது ஆதார், பிறப்புச் சான்றிதழ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் காகிதம் கையில் இருக்கட்டும். பிசியோ எந்தெந்தக் கிழமை மையத்தில் இருப்பார் என்று முதல் நாளே போனில் கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள், மற்ற நாளில் போனால் பதிவு மட்டும்தான் நடக்கும்.