பாஸைக் கொன்றாயிற்று, இனி வெளியே வர வேண்டும்

'ஃபோர் அகெய்ன்ஸ்ட் டார்க்னஸ்' வாங்கலாமா, தனியாக உட்கார்ந்து பகடை உருட்டினால் போரடிக்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். போரடிக்காது. எரிச்சல் வரும், அது வேறு விஷயம்.

ஆண்ட்ரியா ஸ்ஃபிலிகோயி எழுதி 2016-இல் வந்த, அறை அறையாக அரக்கர்களோடு மோதிப் புதையல் தேடும் ஆட்டம். நாம் ஒருவரே நடத்தும் நான்கு பாத்திரங்கள் கொண்ட குழு, பென்சில், கட்டம் போட்ட தாள், சாதாரண ஆறு பக்கப் பகடை இரண்டு. கதை நடத்த கேம் மாஸ்டர் கிடையாது. பகடை சொல்கிற அறையை நாமே வரைந்துகொண்டு போக வேண்டியதுதான். வாசல்களைத் தவிர்த்தால் அறை வடிவங்கள் 36தான். ஆனாலும் ஒரு தாளில் வந்த டன்ஜன் (அரக்கர்கள் பதுங்கியிருக்கும் பாதாள அறைத்தொகுதி) இன்னொரு தாளில் எனக்கு வந்ததில்லை.

என் கோபம் முழுக்க ஒரே ஒரு விதியின் மேல். கடைசி பாஸ், அதாவது பெரிய எதிரி, செத்தால் ஆட்டம் முடியாது. நுழைந்த வாசல் வரை நடந்தே திரும்ப வேண்டும். ஏற்கெனவே அடித்துக் காலி செய்த அறைதான், இருந்தாலும் கால் வைக்கும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும். ஒன்று விழுந்தால் எங்கிருந்தோ ஒரு எதிரிக்கூட்டம் வந்து நிற்கும். தாயத்தில் ஒன்று விழாதா என்று ஏங்கிப் பழகிய ஆள் நான். இங்கே ஒன்றைப் பார்த்தாலே வயிற்றைக் கலக்குகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பத்து அறை தாண்ட வேண்டுமென்றால், எதுவும் எதிர்ப்படாமல் வெளியேற வாய்ப்பு சுமார் 16 சதவீதம். அதுவும் குறுகலான நடைவழியில் வந்தால் பின்வரிசைக்குத்தான் முதல் அடி. அங்கே யார் நிற்பார்? கவசம் போடக் கூடாத மந்திரவாதி. இருந்த மந்திரத்தையெல்லாம் பாஸ் மேலேயே செலவழித்திருப்பார். முதல் லெவலில் உயிர்ப்புள்ளியும் மூன்றுதான்.

சரி, நியாயமாகவும் பேசுவோம். இந்த விதி இல்லையென்றால் வரைபடம் வெறும் அலங்காரம். அது இருப்பதால்தான் ஒவ்வொரு கதவு முன்னாலும் 'இன்னொரு அறை போகலாமா, இப்படியே திரும்பலாமா' என்று கை தயங்குகிறது. எதிரியை அடிக்க உருட்டும்போது ஆறு விழுந்தால் மறுபடி உருட்டிக் கூட்டிக்கொள்ளலாம் என்பதும் அருமையான ஏற்பாடு. கூட்டுத்தொகையை எதிரியின் லெவலால் வகுத்து அத்தனை கோப்ளின்களை (குட்டி அரக்கர்களை) ஒரே வீச்சில் சாய்க்கும்போது, வீட்டில் யாரும் பார்க்கவில்லையே என்று இருக்கும்.

லெவல் ஏறுவதும் பகடை கையில்தான். இருக்கும் லெவலைவிட அதிகமாக விழ வேண்டும். நான்கிலிருந்து ஐந்துக்குப் போக ஐந்தோ ஆறோ விழுந்தாக வேண்டும். அதில்கூட எனக்கு வருத்தமில்லை.

ஆனால் நேற்று இரவு குட்டி டிராகனைக் கொன்று, புதையலைச் சுமந்துகொண்டு, வாசலுக்கு முந்தைய அறையில் வெறும் எலிக்கூட்டம் கடித்து என் மந்திரவாதி செத்தார். எலி! ஆகவே இன்றைய தேதியில் என் தீர்ப்பு: வாங்காதீர்கள். கேட்காமல் வாங்குகிறவர்களுக்கு பிடிஎஃப் போதும். குழுவின் விவரம் எழுதும் தாளை மட்டும் நிறைய பிரிண்ட் எடுத்து வையுங்கள். அழித்து அழித்து எழுதினால் கிழிந்துவிடும்.