150–600 ஜூமும் சிறுத்தையும்: 4 ஆண்டுகளுக்குப் பிறகு

உள்ளே ஏறிய தூசியைத் துடைத்து, சர்வீஸிலிருந்து என் 150–600 மி.மீ. ஜூம் லென்ஸ் திரும்பி வந்திருக்கிறது. சிறுத்தை எடுக்க இது போதுமா என்று கேட்பவர்களுக்குக் காட்டுக்கு ஒரு பதில், மிருகக்காட்சிசாலைக்கு வேறு பதில்.

காட்டுக் கோபத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். 600 மி.மீ.-இல் இதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 6.3 (எண் பெரிதானால் திறப்பு சிறிது, வெளிச்சமும் குறைவு). சிறுத்தையோ விடியலிலும் அந்தியிலும்தான் அதிகம் நடமாடும். மர நிழலில் 1/250 நொடி வைத்தாலே ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு; ஏற ஏறப் படம் சொரசொரக்கும்) 6400 கேட்கும். அதே வெளிச்சத்தை எஃப் 4 லென்ஸ் 2500-இல் சமாளித்துவிடும். அந்த வித்தியாசத்தில் முதலில் போவது ரோமம். புள்ளி வளையத்துக்குள் இருக்கும் அடர்ந்த பழுப்பும் விளிம்புக் கறுப்பும் குழம்பி, சாயம் கலைந்த துணி மாதிரி ஆகிவிடும். வெயில் ஏறட்டும் என்று காத்திருந்தாலோ, தரைச்சூட்டில் காற்று நெளிந்து 600-இல் எதுவுமே கூராக நிற்காது.

இலங்கையின் யால, கர்நாடகத்தின் கபினி போன்ற காடுகளில் வண்டியை விட்டு இறங்க முடியாது. ட்ரைபாட் வேண்டாம், ஜன்னல் விளிம்பில் பீன் பேக் (மணிகள் நிரப்பிய பை) வைத்து, எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்கள். சிறுத்தையைக் கண்டு மந்தி கத்தினால் அது எந்தப் பக்கம் பார்த்துக் கத்துகிறது என்று கவனித்து, 300-இல் தேடிப் பிடித்த பிறகே 600-க்குத் திருப்புங்கள். நேரே 600-இல் தேடினால் புதர்தான் தெரியும். குறுக்கே குச்சி இருந்தால் ஃபோகஸ் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒற்றை ஃபோகஸ் புள்ளிக்கு மாற்றி, மிச்சத்தை லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். சிறுத்தை கிளையில் படுத்து, பின்னால் வானம் வெளுத்திருந்தால் எக்ஸ்போஷரை +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். அது நடந்தால் 1/1000 நொடி.

மிருகக்காட்சிசாலையில் இதே லென்ஸ் வேறு பிறவி எடுக்கிறது. 600-ஐ 6.3-ஆல் வகுத்தால் 95 மி.மீ.; ஒளி நுழையும் வாசல் அவ்வளவு அகலம். 150-இல், எஃப் 5-இல் அது வெறும் 30. அதனால்தான் 150-இல் கம்பிவலை மங்கலான பட்டைகளாக விழுகிறது. 600-இல், தடுப்பு உங்களை ஒரு மீட்டர் தள்ளி நிறுத்தினாலும், கம்பி கரைந்து கான்ட்ராஸ்ட் மட்டும் சற்றுக் குறைகிறது. இரண்டு நிபந்தனை: வலையின் அந்தப் பகுதியில் வெயில் விழக்கூடாது, சிறுத்தை வலையை ஒட்டி நிற்கக்கூடாது. ஃபோகஸ் வலையைப் பிடித்தால் லிமிட்டரை (ஃபோகஸ் தேடும் தூரத்தைக் கட்டுப்படுத்தும் விசை) 10 மீட்டருக்கு மேல் என்று வையுங்கள். சிறுத்தை அதைவிடக் கிட்டே வந்தால் மறக்காமல் திருப்பிவிடுங்கள். கண்ணாடியென்றால் ரப்பர் ஹுட்டை ஒட்டி நேராகப் பிடியுங்கள். சாய்த்தால் உருவம் இரட்டிக்கும். ஃப்ளாஷ் எங்கேயும் வேண்டாம், சிறுத்தையின் கண்ணுக்கு அது கொடுமை.

இவ்வளவு புகழ்ந்த பிறகும், சிறுத்தைக்கென்றே வாங்குவதானால் இதை வாங்காதீர்கள். பழைய 300 எஃப் 2.8 ஒன்றைத் தேடிப் பிடித்து 1.4 மடங்கு கன்வெர்ட்டர் (தூரத்தைக் கூட்டும் இடைலென்ஸ்) மாட்டுங்கள். அது 420 மி.மீ., எஃப் 4 ஆகிவிடும். எட்டாத தூரத்தை கிராப் செய்துகொள்ளலாம், ரோமமாவது மிஞ்சும்.