வெளிநாட்டிலிருந்து வந்த டிவிடியை ஸ்டுடியோவில் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் இருக்கிறவர்கள் பழைய குடும்ப டிவிடிகளை எடிட்டிங்குக்குக் கொடுப்பதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எனக்கு 4,000 ரூபாய் அட்வான்ஸ் போனது. அதைவிடப் பெரிய ஒன்றும் போக இருந்தது.

எங்கள் அப்பாயி, இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் அங்கிருந்து வந்தவர். அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 2004-ல் டொராண்டோவிலிருந்து வந்த சித்தப்பா, அங்கே வாங்கிய கேமராவில் அவரை உட்கார வைத்துப் பேச விட்டு எடுத்திருந்தார். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தது எல்லாம் அவர் குரலில் இரண்டு டிஸ்க்கில் இருக்கிறது. அதையும், இங்கே எடுத்த அக்கா கல்யாண டிஸ்க், காதுகுத்து டிஸ்க் இரண்டையும் சேர்த்து, அப்பாயியின் முதல் வருஷ நினைவு நாளுக்கு நாற்பது நிமிஷப் படமாக்க ஒரு ஸ்டுடியோவில் கொடுத்தேன். ஒரு வாரம் என்றார்கள்.

ஐந்து வாரம் கழித்து வந்த பென் டிரைவைப் போட்டதும் அம்மா அழுதுவிட்டார். அப்பாயியின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். போகப் போக இடைவெளி கூடிக்கொண்டே போனது. திருப்பிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை குரல் சேர்ந்திருந்தது, ஆனால் படம் வெட்டி வெட்டி ஓடியது. கையை அசைத்தால் சீப்புப் பல் மாதிரி கோடு கோடாகத் தெரிந்தது. முகமும் பக்கவாட்டில் இழுத்த மாதிரி அகன்றிருந்தது. கேட்டால் ஸ்டுடியோக்காரர், "தம்பி, மலை ஈரத்துல உங்க டிஸ்க் பூஞ்சை புடிச்சிருக்கு, பழசு அப்படித்தான் வரும். சரி பண்ணணும்னா இன்னொரு 2,500 ஆகும்" என்கிறார்.

நான் அதை நம்பிவிட்டேன். இங்கே பூஞ்சை பிடிக்காத பொருள் எது? டிஸ்க்கைத் திருப்பி வாங்கிவந்து, வீட்டிலிருக்கும் பழைய டிவிடி பிளேயரில் சும்மா போட்டுப் பார்த்தேன். அப்பாயி தெளிவாகப் பேசினார். குரலும் வாயும் சரியாகச் சேர்ந்தே இருந்தன. ஒரு டிஸ்க்கில் மட்டும் முன்பு இல்லாத வட்டக் கீறல்.

கோயம்புத்தூரில் எடிட்டிங் செய்யும் நண்பன்தான் விஷயத்தைச் சொன்னான். நம் நாட்டு டிவிடி 'பால்' முறை: நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படம்), அகலம் 720-க்கு உயரம் 576 புள்ளிகள். கனடா, அமெரிக்கா, ஜப்பானில் என்.டி.எஸ்.சி.: நொடிக்கு 29.97 ஃபிரேம், 720-க்கு 480. பிளேயர் இரண்டையும் தானே புரிந்துகொள்ளும், எடிட்டிங் மென்பொருளுக்கு நாம்தான் சரியாகச் சொல்ல வேண்டும். 29.97-ஐ 25 என்று ஓடவிட்டால் பத்து நிமிஷப் படம் பன்னிரண்டு நிமிஷமாக நீளும், குரல் மட்டும் பத்தில் முடிந்துவிடும். முதல் தடவை நடந்தது அதுதான். இரண்டாவது தடவை நொடிக்கு ஐந்து ஃபிரேமைத் தூக்கி எறிந்திருக்கிறார்கள், அதனால் வெட்டல். ஒரு ஃபிரேமே ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாகப் பதிவாகியிருக்கும். அதைப் பிரித்துச் சீராக்காமல் விட்டதால் சீப்புக் கோடு. 720-க்கு 480 என்பதைத் திரையில் 640-க்கு 480 விகிதத்தில் காட்ட வேண்டும், அதைச் செய்யாததால் முகம் அகன்றது.

எனக்குப் பொறுக்க முடியாதது இன்னொன்று. டிவிடியில் படம் 1 ஜிபி அளவுக்கு மேல் போகாத விஓபி கோப்புகளாக வெட்டப்பட்டிருக்கும். அவற்றைத் தனித்தனியாக இழுத்துப் போட்டதில், இரண்டு கோப்புகள் சேரும் இடத்தில் சில நொடிகள் காணாமல் போயிருந்தன. "மண்டபத்துல இறங்கினப்ப என் கையில இருந்தது" என்று அப்பாயி சொல்கிறார், அடுத்த நொடி வேறு பேச்சு. பணம் வாங்கியவர்கள் ஒரு தடவையாவது முழுசாகக் கேட்டிருந்தால் அது தெரிந்திருக்கும்.

நண்பன் மேக்எம்கேவி என்ற மென்பொருள் கொண்டு ஒவ்வொரு டிஸ்க்கையும் தரம் குறையாமல் ஒரே கோப்பாக்கினான். அப்புறம் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு மென்பொருளில் வரிகளைச் சீராக்கி, ஃபிரேம் வேகத்தை மாறாமல் நிலையாக வைத்து மாற்றினான். கடைசியில்தான் எடிட்டிங். படத்தில் பாதிக்கு மேல் கனடா கேமரா டிஸ்க்கிலிருந்து என்பதால் புராஜெக்டையே 29.97-ல் வைத்தான். கல்யாணக் காட்சிகளில் லேசான துள்ளல் இருக்கிறது, அது பரவாயில்லை. மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை.

அதனால் ஒரிஜினல் டிஸ்க்கைக் கையைவிட்டுக் கொடுக்காதீர்கள், கணினியில் நகல் எடுத்து அதைக் கொடுங்கள். கொடுக்கும் முன் வீட்டில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். "இது என்.டி.எஸ்.சி., எப்படி மாற்றுவீர்கள்?" என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். முதலில் ஐந்து நிமிஷம் மட்டும் செய்யச் சொல்லி, பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். என் 4,000 ரூபாய் இன்னும் திரும்பவில்லை.

நினைவு நாளன்று படம் போட்டோம். "மண்டபத்துல இறங்கினப்ப என் கையில இருந்தது ஒரு அம்மிக்குழவிதான்" என்று அப்பாயி சொன்னதும், அப்பா நிறுத்தச் சொல்லி அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார்.