கண் ஒத்தட மாஸ்க்: பத்து மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுவது

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகிறதிலிருந்து மார்கழி முடியும்வரை எங்களுக்குக் கண்ணைத் திரையிலிருந்து எடுக்க நேரமிருக்காது, பஞ்சாங்கப் பக்கத்தின் பொடி எழுத்தை நாளுக்கு எத்தனை முறை பார்ப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. மூன்று வருஷமாகக் கண்ணில் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தல். காலையில் இமையைப் பிரிக்கவே வலிக்கும். ஆனால் வெயிலில் இறங்கினால் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டும், அதனால் "உனக்கா கண் வறட்சி?" என்று வீட்டில் யாரும் நம்பவில்லை. வறண்ட கண்தான் எரிச்சல் தாங்காமல் அப்படித் தண்ணீரைக் கொட்டுகிறது, அந்தத் தண்ணீரில் பசையே இல்லாததால் கண்ணில் நிற்பதில்லை என்பது எனக்கும் பின்னால்தான் தெரிந்தது.

மாஸ்க்கைப் பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை செய்யாமல் எதையும் வாங்காதீர்கள். நான் முதல் ஒன்றரை வருஷம் மருந்துக்கடையில் கேட்டு ஒரு சொட்டு மருந்து வாங்கி, ஒரு நாளைக்குப் பத்து முறை விட்டேன். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. பாட்டில் கெடாமல் இருக்க அதில் பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தி கலந்திருக்கிறது, அடிக்கடி விட்டால் அதுவே கண்ணின் மேல்தோலை அரிக்கும் என்று கண் டாக்டர் பாட்டிலைத் திருப்பிக் காட்டி விளக்கினார். கீழிமையில் ஒரு காகிதப் பட்டையைச் செருகி ஐந்து நிமிடம் கண்ணை மூடச் சொன்னார்கள். பத்து மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நல்லது, ஐந்துக்குக் கீழே போனால் கடுமையான வறட்சி. எனக்கு வலக்கண்ணில் நாலு, இடக்கண்ணில் ஆறு. சாயம் விட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தபோது, இமைத்த மூன்றாவது விநாடியே கண்ணீர்ப் படலம் உடைகிறது என்றார். பத்து விநாடியாவது தாங்க வேண்டுமாம். வாயும் உலர்ந்திருக்கிறது என்று நான் சொன்னதால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய் இருக்கிறதா என்று ரத்தமும் எடுத்துப் பார்த்தார்கள், நல்லவேளை இல்லை. வாய் வறட்சியும் மூட்டு வலியும் சேர்ந்திருப்பவர்கள் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

என் பிரச்சினை இரண்டு இடத்தில் இருந்தது. தண்ணீரும் குறைவு, அது ஆவியாகாமல் காக்கும் எண்ணெயும் சரியாக வரவில்லை. இமை ஓரத்தில் மேலும் கீழுமாக வரிசையாக மெய்போமியன் என்ற எண்ணெய்ச் சுரப்பிகள் இருக்கின்றன. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே உறைந்துவிடுமே, அந்த மாதிரி எனக்கு அந்த வாய்களில் எண்ணெய் கெட்டியாகி அடைத்துக்கொண்டிருந்தது. அதை இளக்கத்தான் ஒத்தடம்.

முதலில் வெந்நீரில் துணியை நனைத்துத்தான் ஒத்திப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், மறுபடி நனைத்துப் பிழிவதற்குள் பொறுமை போய்விடும், ஒரு வாரத்துக்கு மேல் முடியவில்லை. அப்புறம்தான் இணையத்தில் இந்த மாஸ்க்கை வாங்கினேன், 900 ரூபாய் ஆனது. உள்ளே சிறு சிறு மணிகள், மேலே மென்மையான துணி, தலைக்குப் பின்னால் ஒட்டும் பட்டை. மைக்ரோவேவில் இருபது விநாடி வைத்தால் போதும். மணிகள் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு சூட்டோடு வெளியே விடுகின்றன, அதனால்தான் ஒருமுறை சூடாக்கிவிட்டு நாலு மணி நேரம் இடைவெளி விடச் சொல்லி உறையில் போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம்வரை சூடு ஒரே சீராக நிற்கிறது. வெந்நீர்த் துணியில் இது நடக்கவே நடக்காது, கொடுத்த காசு இதற்கே தகும்.

குறைகளும் உண்டு. மைக்ரோவேவ் இல்லாத வீட்டில் இது பயன்படாது, எனக்கு அக்கா வீட்டில் சும்மா கிடந்ததைக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஒவ்வோர் அடுப்பும் ஒவ்வொரு மாதிரி சூடாக்குகிறது, நடுவில் ஒரு இடம் மட்டும் சுடும், ஆகவே குலுக்கிவிட்டு மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்க்காமல் கண்ணில் வைக்கவே கூடாது. நாற்பது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே இருந்தால் போதும், சுடச்சுட இருந்தால்தான் நல்லது என்று நினைக்க வேண்டாம். மூக்குப் பக்கம் வெட்டு சிறியது, எனக்குச் சற்று அழுத்துகிறது. கண் சிவந்து பீளை தள்ளும்போதும், அலர்ஜியில் அரிக்கும்போதும் இதைத் தொடாதீர்கள்.

ஒத்தடம் முடிந்ததும் சும்மா எழுந்துவிட்டால் பாதி வேலைதான். விரல் நுனியால் மேலிமையை மேலிருந்து கீழாக, கீழிமையைக் கீழிருந்து மேலாக, இமை மயிர் வரிசையை நோக்கி மெல்ல நீவி, அந்த ஓரத்தைச் சுத்தமாகத் துடைக்க வேண்டும். முதல் மூன்று வாரம் ஒன்றுமே தெரியவில்லை. ஐந்தாவது வாரத்தில் ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்தேன், வலிக்கவில்லை. அப்படியே படுக்கையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

ஆனால் எல்லாப் பெருமையையும் மாஸ்க்குக்குக் கொடுத்தால் பொய் சொன்னதாகிவிடும். கூடவே, அழற்சியைத் தணித்துக் கண்ணீர் சுரக்க உதவும் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்தும் விட்டுக்கொண்டிருந்தேன், விடும்போது எரியும், வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், பாதியில் நிறுத்தாதே என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். பகலில் பதப்படுத்தி இல்லாத கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ் என்ற செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு, ராத்திரி ஜெல். பதப்படுத்தி இல்லாததை வாங்கும்போது, ஒருமுறை திறந்து போட்டுவிட்டுத் தூக்கி எறியும் சிறு குழலாகப் பார்த்து வாங்குங்கள். 2023இல் அமெரிக்காவில் செயற்கைக் கண்ணீர் மருந்து மூலம் சூடோமோனாஸ் கிருமி பரவி 81 பேர் பாதிக்கப்பட்டார்கள், 14 பேருக்குப் பார்வை போனது, நாலு பேர் இறந்தார்கள். அந்த மருந்து நம் சென்னைப் பக்கம் தயாரானது. பதப்படுத்தி இல்லாத மருந்தைப் பல நாள் திறந்து மூடும் பாட்டிலில் அடைத்திருந்தார்கள். குழலில் மீதி இருக்கிறதே என்று மறுநாளுக்கு எடுத்துவைக்கும் பழக்கம் எனக்கும் இருந்தது, அதைப் படித்த அன்றோடு விட்டேன்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒமேகா மூன்று மாத்திரைக்கு ஆறு மாதம் செலவழித்தேன். அட்டையின் முன்னால் மீன் எண்ணெய் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும், பின்னால் பார்த்தால் அதிலிருக்கும் ஒமேகா மூன்று கொழுப்புகளான இபிஏ 180, டிஹெச்ஏ 120, ஆக 300தான். கண் வறட்சிக்கு ஒமேகா மூன்று உதவுகிறதா என்று பார்த்த, 2018இல் வெளியான ட்ரீம் ஆய்வில் 535 பேர் இருந்தார்கள். ஒரு சாராருக்குத் தினமும் 3000 மில்லிகிராம் இபிஏவும் டிஹெச்ஏவும் ஒரு வருஷம் கொடுத்தார்கள், அதாவது என் மாத்திரையில் பத்து. மற்றவர்களுக்கு ஆலிவ் எண்ணெய். இரண்டு சாராருக்குமே கொஞ்சம் தேவலையானது, மீன் எண்ணெய்க்கென்று தனி வெற்றி இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு மாத்திரையை நிறுத்தினேன். அந்தக் காசில் வாரம் இரண்டு நாள் மத்தி மீன் வாங்குகிறேன், கண்ணுக்கு உதவாவிட்டாலும் உடம்புக்கு ஆகும், குழம்பும் நன்றாக இருக்கும்.

முருங்கைக்கீரை, கேரட், பப்பாளி எல்லாம் கட்டாயம் சாப்பிடுங்கள், கீரையையும் கேரட்டையும் எண்ணெய் விட்டு வதக்கினால் அதிலிருக்கும் சத்து உடம்பில் நன்றாகச் சேரும். விட்டமின் ஏ குறைந்த குழந்தைகளுக்குக் கண் உலர்ந்து பார்வையே போகும், அது உண்மை. ஆனால் நன்றாகச் சாப்பிடுகிற என்னைப் போன்றவர்களுக்குக் கேரட் சாறு குடித்து இமைச் சுரப்பி திறக்காது. விட்டமின் ஏ மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகள். சளிக்கு, அரிப்புக்கு என்று போடும் சில மாத்திரைகளே கண்ணை உலர்த்தும், டாக்டரிடம் போகும்போது அந்த அட்டைகளையும் கொண்டுபோங்கள்.

அப்பத்தா இன்னமும் விளக்கெண்ணெய் விடச் சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு நந்தியாவட்டைப் பூவை மேலே வைத்துப் படுப்பது குளிர்ச்சியாக இருக்கிறது, அவளுக்காக அதை மட்டும் செய்கிறேன். விளக்கெண்ணெய், தேன், தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விட மாட்டேன். ஏற்கெனவே புண்பட்ட கருவிழியில் கிருமி போனால் அப்புறம் மீட்க முடியாது.

அச்சகத்தில் காற்றாடிக்கு நேர் கீழே இருந்த மேசையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டேன், மாற்றினார்கள். வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிடுகிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் கண்ணை முழுசாக மூடி, இரண்டு விநாடி அப்படியே வைத்துத் திறக்கிறேன். உற்றுப் படிக்கும்போது நாம் இமைப்பதே குறைந்துவிடுகிறது, இமைத்தாலும் பாதிதான் மூடுகிறோம்.

போன மாதம் மறுபடி காகிதப் பட்டை வைத்தார்கள். வலக்கண் ஏழு, இடக்கண் ஒன்பது. மாஸ்க்கின் தையல் இடது ஓரத்தில் பிரிய ஆரம்பித்திருக்கிறது, இரண்டு மணிகள் தலையணையில் கிடந்தன. பத்து மாதத்துக்கு இது சுமாரான உழைப்புதான், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தருகிறேன். ஆல்பம் வெளியாகும் முன் வந்துவிட வேண்டும் என்று அதே மாஸ்க்கை நேற்று மறுபடி ஆர்டர் போட்டுவிட்டேன்.